சீலிங் மூடியும் தலையில் இறங்கும் வெக்கையும்: வாசகர் கேள்வி பதில்

ஏப்ரல் 15 அளவில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நின்றுவிட்டுப் போய்விட்டது, ஆவணியில் திரும்பவும் ஒருமுறை வரும். கடிதங்கள் இப்போதுதான் வந்து சேருகின்றன. பலரும் கேட்டிருப்பது ஒரே விசயம்: சீலிங்குக்கு மேலே ஏறுவதற்கென்று விட்டிருக்கிற அந்தச் சதுர ஓட்டை. அதற்கு ஓடாவிமார் (தச்சர்கள்) ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறார்கள், நான் இங்கே ஏறுவழி என்று எழுதுகிறேன், அதை மூடுகிற பலகை மூடி.

எங்கள் வீடு ஓட்டு வீடு. நாலு வருசத்துக்கு முன் சீலிங் அடித்து, மேலே இரண்டு அங்குலக் கண்ணாடிப் பஞ்சும் (பைபர் கிளாஸ்) விரித்தோம். அறைக்கு ஏசியும் பூட்டியாயிற்று. ஆனால் அறை மூலையில் இரண்டு அடிக்கு இரண்டு அடி ஏறுவழி இருக்கிறது, அதன்மேல் ஒரு பலகை சும்மா கிடக்கிறது. அந்த மூலையில் நின்றால் தலையில் வெக்கை இறங்குகிறது. ஓடாவியாரோ, சூடான காற்று மேலேதானே போகும், கீழே எப்படி வரும், உங்களுக்கு மனப்பிரமை என்கிறார். யார் சொல்வது சரி ஐயா?
(வாசகி, கோண்டாவில்)

ஓடாவியார் சொல்வது பள்ளிக்கூட விஞ்ஞானம், அதில் பிழையில்லை. ஆனால் உங்கள் தலையில் இறங்குவது முழுக்கக் காற்று இல்லை. விறகடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தால் முகம் சுடுகிறதே, அந்தச் சூடு காற்றில் ஏறி வருவதில்லை, நெருப்பிலிருந்து நேராக முகத்துக்குப் பாய்கிறது. அதற்கு மேலே கீழே என்ற பேதம் கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு ஓடு நன்றாகக் காய்ந்து, அதன் அடிப்பக்கம் கீழே கிடக்கிற எல்லாவற்றையும் அப்படித்தான் சுடுகிறது. வெளியே 34 பாகை என்றால் சீலிங்குக்கு மேலே 45, 50 என்று நிற்பது புதினமில்லை. பஞ்சு உள்ள இடத்தில் அந்தச் சூடு பஞ்சோடு மல்லுக்கட்ட வேண்டும். உங்கள் மூலையிலோ அரை அங்குலப் பலகை மட்டும். ஓடு பலகையைச் சுட, பலகை உங்கள் தலையைச் சுடும்.

அடுத்தது காற்று. ஏசி இல்லாத வீடென்றால் அநேகமாக ஓடாவியார் கட்சிதான் வெல்லும். ஏசி போட்ட அறையில் கதை மாறிவிடும். குளிர்ந்த காற்று பாரமானது, அது நிலத்தோடு படுத்து, கதவுக்குக் கீழுள்ள இடைவெளியால் விறாந்தைக்கு வழிந்துவிடும். வழிந்த அளவு காற்று வேறு எங்கிருந்தாவது உள்ளே வந்துதான் ஆக வேண்டும், மேலே சும்மா கிடக்கிற மூடியின் விளிம்பைப் போல அதற்கு வாய்ப்பான வழி வேறெது? குசினியில் புகை இழுக்கிற விசிறி ஓடினால் இன்னும் மோசம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) பலமாக அடிக்கிற நாட்களில் ஓட்டு இடுக்குகளால் காற்றுப் புகுந்து, கூரைக்குள் அமுக்கம் கூடி, மூடி தானாகவே டக் டக்கென்று துள்ளுகிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஆகவே மனப்பிரமை இல்லை அம்மா.

சரி, இவ்வளவு சின்ன ஓட்டை எவ்வளவைக் கெடுத்துவிடும்? உங்கள் அறை 12 அடிக்கு 12 அடி என்று வைத்துக்கொள்வோம். சீலிங் 144 சதுர அடி, ஏறுவழி 4 சதுர அடி, நூற்றுக்கு மூன்றுகூட வராது. ஆனால் இரண்டு அங்குலப் பஞ்சு விரித்த இடத்தோடு பார்த்தால், வெறும் பலகை ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய நாலு மடங்கு சூட்டை விடும். அப்படியென்றால் அந்த 4 சதுர அடி 16 சதுர அடிக்கு உரிய சூட்டை இறக்குகிறது, அதாவது சீலிங்கால் வருகிற மொத்தச் சூட்டில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. விளிம்பால் வருகிற காற்று அதற்கு மேலே, அது தனிக் கணக்கு.

வேலையைத் தொடங்க முன் ஒரு சோதனை. இரவில் கூரைக்குள்ளே ஒரு ரோச் லைற்றை எரியவிட்டு மூடியைப் போட்டு, அறை லைற்றை அணைத்துவிட்டுக் கீழே நின்று பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் காற்றுக்கு வழி. பகலில் ஏசியை ஓடவிட்டு ஊதுபத்தியை விளிம்போரமாகப் பிடித்தாலும் தெரியும், புகை நேரே மேலே போகாமல் கீழ்ப்பக்கம் தள்ளுப்பட்டால் மேலேயிருந்து காற்று இறங்குகிறது.

முதலில் இடுக்கை அடைத்துவிடுங்கள், தடிப்பு அப்புறம். இதை மாறிச் செய்கிறவர்கள்தான் கூட. நாலு அங்குலத்துக்கு எதையோ அடுக்கி மூடியின் முதுகில் கட்டிவிட்டு, விளிம்பில் விரல் போகிற இடைவெளியை அப்படியே விட்டுவிடுவார்கள். மூடி உட்காருகிற சட்டத்தை ஓடாவியார் மட்டம் பார்த்து நேராக்கட்டும், தேவையென்றால் உட்பக்கம் சுற்றிவர ஒரு அங்குலச் சலாகை அடித்து மூடிக்கு நல்ல இருக்கை கொடுக்கட்டும். அந்த இருக்கையின் மேல் ரப்பர் பட்டி. கடையில் விற்கிற ஒட்டுகிற ஸ்பொஞ்ச் ரேப் மலிவுதான், ஆனால் எங்கள் வெக்கைக்கு அதன் பசை இளகி ஒரு பக்கத்தால் தொங்கத் தொடங்கிவிடும், இடைக்கிடை சின்ன ஆணி ஒன்று அடித்தால்தான் நிற்கும். வாகன உதிரிப்பாகக் கடைகளில் கார்க் கதவுக்குப் போடுகிற ரப்பர் கிடைக்கும், எனக்கு அதுதான் பிடித்தம். ரப்பர் போட்டுவிட்டால் மட்டும் போதாது, மூடி அதை அமுக்க வேண்டும். இலேசான பலகை தன் பாரத்தால் அமுக்காது, ஆகவே இரண்டு பக்கமும் கொளுக்கி போட்டு இழுத்துப் பூட்டுங்கள். மூடி கீழ்ப்பக்கம் திறக்கிறதாக இருந்தால் ஒரு பக்கம் பிணைச்சல், மறு பக்கம் நல்ல தாழ்ப்பாள்.

அதன் பிறகு மூடியின் மேல் முதுகுக்கு வருவோம். மிஞ்சிய கண்ணாடிப் பஞ்சு இருந்தால் அதையே சீலை உறைக்குள் வைத்துத் தைத்து, மூடியில் கட்டிவிடலாம். அமுக்கித் திணிக்க வேண்டாம், பஞ்சு உப்பியிருந்தால்தான் சூட்டைத் தடுக்கும், வேலை செய்வது அதற்குள் சிக்கியிருக்கிற காற்று. கையில் பட்டால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். பஞ்சு இல்லையென்றால் ரெஜிபோம் (தெர்மோகோல்) இரண்டு அங்குலம் போதும். ஒரு விசயம், சப்பாத்துக்கு ஒட்டுகிற மஞ்சள் பசையை ரெஜிபோமில் தடவினால் அது ரெஜிபோமைத் தின்றுவிடும், காலையில் பார்த்தால் கிண்ணம் மாதிரிக் குழி விழுந்திருக்கும். ஓடாவிமார் வைத்திருக்கிற வெள்ளை மரப்பசைதான் சரி. ரெஜிபோம் நெருப்புக்கும் உதவாத சாமான், அதனால் மேலே மெல்லிய பிளைவூட் ஒன்றால் மூடிவிடுங்கள், வயர் முட்டுகிற இடத்தில் வைக்கவே வேண்டாம். நெருப்புப் பயம் ஒரு காரணம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: வயரின் பிளாஸ்ரிக் உறையை இளக்கமாக வைத்திருக்கிற சத்தை ரெஜிபோம் மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும், சில வருசத்தில் உறை காய்ந்து வெடிக்கும்.

கடைசியாக, மூடி விளிம்பில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரக் காற்று மேலேயிருந்து வந்து ஏசிக் குளிர் பட்ட விளிம்பில் வியர்க்கிறது, அதுதான் பூஞ்சணத்துக்குக் காரணம். இடுக்கை அடைத்தால் அதுவும் நிற்கும்.

ஏறுவழியின் மேலே அலுமினியத் தாள் ஒட்டிய பெட்டி ஒன்று கவிழ்த்துவிட்டால் வீடு குளிரும் என்று யூடியூப்பில் பார்த்தேன். எங்கள் வீடு அஸ்பெஸ்டஸ் சீற் கூரை, சாதாரண சீலிங், மேலே வேறொன்றும் போடவில்லை, ஏசியும் இல்லை. செய்யலாமா?
(வாசகர், சாவகச்சேரி)

செய்யலாம் தம்பி, ஆனால் வீடு குளிராது. மேலே கோண்டாவில் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: அவர்களுடைய சீலிங் முழுக்கப் பஞ்சு, ஆகவே ஏறுவழி ஒரு ஓட்டைச் சட்டி. உங்கள் சீலிங் முழுவதுமே ஓட்டைச் சட்டி, அதில் நூற்றுக்கு மூன்று இடத்தை அடைத்து என்ன லாபம்? அந்தக் காசைச் சேர்த்து வைத்து, கைமரங்களுக்குக் கீழே அலுமினியத் தாள் இழுத்துக் கட்டுங்கள். பளபளக்கிற பக்கம் கீழே பார்க்கட்டும், மேலே பார்த்தால் ஒரு வருசத்தில் தூசி படிந்து மினுக்கம் போய்விடும், மினுக்கம் போனால் அது வெறும் தாள். தாளுக்குப் பக்கத்தில் குறைந்தது ஒரு அங்குலமாவது காற்று வெளி இருக்க வேண்டும், எதிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் வேலை செய்யாது.

அலுமினியம் மின்சாரம் கடத்தும் என்பதை மறக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2009இல் அரசாங்கமே காசு கொடுத்து வீட்டுக் கூரைகளுக்குள் வெப்பத்தடுப்புப் போடுகிற திட்டம் ஒன்று தொடங்கினார்கள், அவசரத்தில் பயிற்சி இல்லாத பெடியளையும் கூரைக்குள் ஏற்றினார்கள். நாலு இளம் தொழிலாளர் இறந்த பிறகு 2010 பெப்ரவரியில் திட்டத்தை நிறுத்தினார்கள். மூன்று பேர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த வெக்கையால். அங்கே தாளை அடித்த உலோகப் பின் வயருக்குள் இறங்கியதும் ஒரு காரணம். ஆகவே மெயின் சுவிச்சை நிறுத்தாமல் ஒருவரும் ஏற வேண்டாம், காலை ஆறு மணிக்கு ஏறி எட்டரைக்கு இறங்கிவிட வேண்டும்.

உங்கள் கூரை அஸ்பெஸ்டஸ் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடைசெய்யப்பட்டது, எங்கள் கூரைகளில் இருப்பது வெள்ளை ரகம், அதுவும் நுரையீரலுக்குக் கூடாததுதான். சும்மா இருக்கிற சீற்றால் பெரிய தொந்தரவு இல்லை, துளை போடும்போதும் அறுக்கும்போதும் விளக்குமாற்றால் கூட்டும்போதும்தான் நார் பறக்கும். கூரைக்குள் கிடக்கிற தூசியை ஈரச் சீலையால் துடையுங்கள், கூட்ட வேண்டாம். ஏறுவழி மூடியைக் காரணமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

இதே கேள்வியை ஓட்டு வீட்டுக்காரர் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். ஏசி இல்லாத ஓட்டு வீட்டில் ஏறுவழியை எப்போதும் எதிரியாகப் பார்க்கத் தேவையில்லை. ஓடு இரவில் ஆறிய பிறகு, ஒன்பது மணி போல மூடியைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை அடித்த சட்டமொன்றை அந்த இடத்தில் வைத்து, யன்னலையும் திறந்துவிட்டால் அறையில் தேங்கிய புழுக்கம் மேலே ஏறி ஓட்டு இடுக்கால் வெளியே போகும். காலையில் பழையபடி மூடி. நாற்சார் வீட்டில் முற்றமும் உயர்ந்த கூரையும் செய்த வேலையைத்தான் நாங்கள் இரண்டடிச் சதுரத்துக்குள் செய்யப் பார்க்கிறோம், அந்த அளவுக்கு வராது, ஆனால் படுக்கும் நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

கனடாவிலிருந்து வந்து நிற்கிற என் தம்பி, அங்கே கூரைக்குள் ஒரு அடிக்கும் மேலே பஞ்சு கொட்டுவார்கள், ஏறுவழி மூடிக்கும் அதே தடிப்பு வேண்டும், பஞ்சுக்குக் கீழே பொலித்தீன் விரிக்க வேண்டும் என்கிறான். காசும் தானே தருகிறானாம். கேட்கலாமா?
(வாசகர், கரவெட்டி)

காசை வாங்குங்கள், யோசனையைப் பாதி வாங்குங்கள்.

அங்கே மாரியில் வெளியே சைபருக்குக் கீழே 20 பாகை, வீட்டுக்குள் 21 பாகை, வித்தியாசம் நாற்பதுக்கு மேலே, அதுவும் இரவு பகலாக மாதக்கணக்கில். இங்கே கூரைக்குள் 50, அறையில் 28 என்றாலும் வித்தியாசம் இருபத்திரண்டுதான், அதுவும் பின்னேரம் வெயில் சாய்ந்தால் இறங்கிவிடும். முதல் இரண்டு அங்குலம் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும், அடுத்த இரண்டு கொஞ்சம் செய்யும், எட்டாவது அங்குலம் எங்கள் ஊரில் சும்மா படுத்திருக்கும். நாலு அங்குலத்தோடு நிறுத்தலாம்.

பொலித்தீன் விசயத்தில்தான் தம்பி தடுமாறுகிறார். அவருடைய ஊரில் வீட்டுக்குள்ளே இருக்கிற சூடான ஈரக் காற்று மேலே ஏறிக் குளிர்ந்த கூரையில் பட்டு நீராகும். அதைத் தடுக்க, சூடான பக்கமாகிய உள்பக்கத்தில் பொலித்தீன். எங்களுக்கு எல்லாம் தலைகீழ்: ஈரமும் சூடும் வெளியே, குளிர் ஏசி அறைக்குள்ளே. இங்கே பஞ்சுக்குக் கீழே பொலித்தீன் விரித்தால் மேலேயிருந்து வருகிற ஈரம் அந்தக் குளிர்ந்த பொலித்தீனில் வந்து தேங்கும், பஞ்சு நனைந்து சீலிங்கில் தேத்தண்ணிக் கறை மாதிரி வட்டம் விழும். ஏசி அறையென்றால் ஈரத்தடுப்பு பஞ்சுக்கு மேல்பக்கம் வர வேண்டும், ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய பஞ்சு வாங்கினால் தாள் மேலே பார்க்கும்படி விரியுங்கள். மூடிக்கும் அப்படித்தான். அந்தத் தாளில் தூசி படியும்தான், பரவாயில்லை, இங்கே அது இருப்பது ஈரத்தைத் தடுக்க. ஏசி இல்லாத அறைக்குப் பொலித்தீனே தேவையில்லை.

ஏறுவழியைச் சுற்றி, பஞ்சின் உயரத்துக்கு மேலே ஒரு அங்குலம் நிற்கிற மாதிரிப் பலகையால் பெட்டி அடிக்க வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தால் அது நல்ல யோசனை. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் பஞ்சு உங்கள் தலையில்தான் கொட்டும்.

கூரைக்குள் மரநாய் குடியிருக்கிறது. மூடியில் கட்டியிருந்த ரெஜிபோமை எலி வேறு கொறித்துவிட்டது. என்ன செய்யலாம்?
(வாசகி, சுன்னாகம்)

மரநாயை அடிக்க வேண்டாம், அது பழம் தின்னிப் பிராணி, எலியையும் பிடிக்கும். உங்கள் வீட்டு எலியை ஏன் விட்டுவைத்தது என்று அதைத்தான் கேட்க வேண்டும். பொழுதுபட்டு அது இரை தேடிப் போன பிறகு உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, தாழ்வாரத்து இடைவெளிகளுக்குக் கம்பி வலை அடியுங்கள். பலகையால் அடைத்துவிடாதீர்கள், கூரைக்குள் காற்று ஓட வேண்டும். எலிக்கு: ரெஜிபோமின் மேலே பிளைவூட், ஓரங்களில் தகரப் பட்டி. பல்லிக்கு ரப்பர் பட்டியே போதும்.

எங்களுடையது கொங்கிறீற் தட்டு வீடு, சீலிங் கிடையாது. மாடிக்கு ஏறுகிற படிக்கட்டின் உச்சியில் தகரக் கதவு. மதியம் அந்தப் படிக்கட்டால் சூளை மாதிரி வெக்கை இறங்குகிறது, இரவு பதினொரு மணிக்கும் அறை ஆறுவதில்லை.
(வாசகர், குருநகர்)

இரண்டும் இரண்டு வியாதி. தகரக் கதவு வெயில் பட்ட கையோடு சுடும், மறைந்த கையோடு ஆறும். அதன் வெளிப்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ற், உட்பக்கத்துக்கு ரெஜிபோமும் அதன் மேல் பிளைவூட்டும், விளிம்புக்கு ரப்பர், கீழே பட்டி. ஒரு நாள் வேலை. படிக்கட்டின் அடியில் ஒரு கதவோ தடித்த திரையோ இருந்தால் இன்னும் நல்லது.

இரவு வெக்கை அந்தக் கதவால் வருவதில்லை. கொங்கிறீற் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் படுக்கப் போகிற நேரத்தில் கக்குகிறது. அதற்கு உள்ளே என்ன ஒட்டினாலும் பிந்திய வைத்தியம், வெயில் தட்டில் படாமல் பார்க்க வேண்டும். வெள்ளை பூசுவது மலிவு, ஆனால் தூசியும் பாசியும் பிடிக்கப் பிடிக்கத் திரும்பப் பூச வேண்டும். அதைவிட நல்லது தட்டுக்கு மேலே ஆள் குனிந்து போகிற உயரத்தில் கிடுகுப் பந்தல். இடையில் காற்று ஓட வேண்டும், கிடுகைத் தட்டிலேயே பரப்பினால் மழைக்கு ஊறிக் கறையான் வரும். பட்டாசும் வாணமும் விடுகிற திருவிழாக் காலத்தில் பந்தலில் ஒரு கண் இருக்கட்டும்.

ஏறுவழி மூடியை எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே செய்துவிட்டோம். இனிப் பழைய அல்பங்கள், அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்கள், இன்வேர்ட்டர் பற்றரி எல்லாவற்றையும் மேலே வைத்து அறையை விசாலமாக்கலாம் என்று இவர் சொல்கிறார்.
(வாசகி, நல்லூர்)

வேண்டாம். நீங்கள் குளிராக்கியது மூடிக்குக் கீழே உள்ள இடத்தை, மேலே இன்னும் அதே ஐம்பது பாகைதான். அல்பத்தின் பிளாஸ்ரிக் உறை படத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு உரித்தால் முகம் உறையோடு வரும். கல்வெட்டுத் தாள் மஞ்சளாகி நொறுங்கும், மிச்சத்தைக் கறையான் வாசிக்கும். பற்றரிக்கு வெக்கை நஞ்சு, அது கீழே காற்றுப் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். வேண்டுமென்றால் பித்தளை அண்டா, கிடாரம் என்று சூட்டுக்குப் பயப்படாத சாமான்களை மேலே போடலாம், அதுவும் தீராந்திக்கு (குறுக்கு உத்தரத்துக்கு) மேலே பலகை விரித்து அதில்தான், சீலிங் சீற்றில் இல்லை.

சீலிங் சீற் ஆளையும் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது இருபத்தெட்டு வயதில். சின்னம்மா வீட்டில் ஒரு சித்திரை மாதம் பதினொரு மணிக்கு அண்டா எடுக்க ஏறினேன், வியர்வை கண்ணுக்குள் வடிய, தீராந்தி என்று நினைத்துக் காலை வைத்தது சீற்றில். ஒரு கால் மட்டும் விறாந்தைக்கு மேலே தொங்கியது, கீழே கலியாணம் பேச வந்தவர்கள் தேத்தண்ணியோடு இருந்தார்கள். அந்தச் சம்பந்தம் சரிவந்தது வேறு கதை, ஆனால் ஒட்டுப் போட்ட இடம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, சின்னம்மா ஒவ்வொரு முறையும் அதைக் காட்டிவிட்டுத்தான் எனக்குத் தேத்தண்ணி தருவா.